முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைத்த பித்தளைத் தூக்கு, அதில் என் அப்பத்தா பேர்: இதைத் தற்செயல் என்று விட்டுவிடலாமா?

கண்டனூர்ப் பேத்தி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். ரெண்டு முகூர்த்தத்துக்கு நடுவில் ஒரு பகல் சும்மா கிடைத்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கே, அங்கே மகளுக்கு ஒரு மங்குத் தட்டு பார்க்கலாம் என்று போனேன். மூணாவது கடையில் கதவு நிலைகளுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தூக்கைத் தரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதை நகர்த்தினால்தான் உள்ளே கால் வைக்க முடியும். நகர்த்தும்போது அதன் மேல் வெயில் பட்டது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. முதலில் நாலு இனிஷியல், பிறகு பேர். என் அப்பத்தா பேர். இனிஷியலும் எங்கள் ஐயா விலாசம்தான் (முன்னோர் பேர்களின் முதலெழுத்து வரிசை), ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பேரைப் பொதுவில் போட வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். நம்ம பக்கம் தெருவுக்கு ரெண்டு பேராவது இருக்கும் பேர்தான். கடைசி எழுத்து 'னை'. பழைய மாதிரி, யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்போடு வெட்டியிருக்கிறது.

கடைக்காரர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து அயித்தைக்குப் போன் போட்டால், "நாளைக்கு அப்பத்தா திவசம், தெரியுமில்ல?" என்கிறார். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அப்பத்தா போய் 26 வருஷம் ஆகிறது. அன்றைக்கு ராத்திரி தூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

வளவுத்தூண்

படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது. அவங்கதான் உங்களைத் தேடி வந்திருக்காங்க. திவசத்துக்கு முதல் நாள் கைக்கு வருதுன்னா வேற என்ன சொல்றது? முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வீட்டில் வைத்துக் கும்பிடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

ஆத்தா, நல்லா இருக்கணும். நீ எழுதுனதை என் பேரன் வாசிச்சுக் காமிச்சான். நான் சொல்லச் சொல்ல அவன்தான் இதையும் அடிக்கிறான். புளி போட்டுத் தேய்க்காதே, எழுத்து தேஞ்சு போகும். வெறுந்துணியால தொடைச்சு வையி.

கணக்கு வாத்தியார்

வணக்கம் அம்மா. காரைக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மனசு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. நீங்கள் கேள்வி கேட்டதால் கணக்குப் பக்கத்தைச் சொல்கிறேன்.

வகுப்பில் வருஷா வருஷம் செய்து காட்டுவேன். 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ரெண்டு பேருக்காவது ஒரே பிறந்த நாள் இருக்குமா என்று கேட்டால், "365 நாள் இருக்கு, 40 பேர்தானே, இருக்காது சார்" என்பார்கள். கணக்குப் போட்டால் அப்படிப் பொருந்துவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 89. 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல். காரணம் எளிது. 23 பேரை ரெண்டு ரெண்டாகச் சேர்த்தால் 253 ஜோடி வரும், 40 பேர் என்றால் 780 ஜோடி. நாம் ஆளை எண்ணுகிறோம், பொருத்தம் நடப்பதோ ஜோடியில். அதே 40 பேரில் "என் பிறந்த நாளில் இன்னொருத்தர் இருக்காரா" என்று ஒரு பிள்ளை கேட்டால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். என் தலைமுறையில் இது இன்னும் சுலபம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பிறந்த நாளாகிவிட்டதால், மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் ஏராளம்!

இப்போது தூக்குக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஐயா பேரைப் பேரனுக்கும் அப்பத்தா, ஆயா பேரைப் பேத்திக்கும் வைக்கிறோம். ஒரு ஐயாவுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் அவர் பேரில் ஐந்து பேரன் வரலாம். விலாசத்தில் வரும் இனிஷியல் எல்லாம் முன்னோர் பேர்களின் முதலெழுத்து. அதாவது, ஒரே சின்னப் பானையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்த சீட்டு. அடுத்து, வீடு இடிந்தாலும் பாகம் பிரிந்தாலும் பழைய சாமான் பெரும்பாலும் எங்கே போகிறது? அதே தெருவுக்கு. அங்கே போய்ப் பார்ப்பவர்கள் யார்? வெளியூர்க்காரர்கள் பாதி, முகூர்த்தத்துக்கு ஊர் வந்த நாம் பாதி. இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். ஆயா பேர் இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டீர்களா? அயித்தை பேர், உங்கள் பேர், உங்கள் மாமியார் பேர் எது இருந்தாலும் நின்றிருப்பீர்கள். திவசத்துக்கு முதல் நாள் என்றீர்கள். அன்றைக்கே என்றாலும் மறுநாள் என்றாலும் அப்பத்தா கல்யாண நாள் என்றாலும் இதே சிலிர்ப்புதான்.

இத்தனை கதவு திறந்திருக்கும்போது ஏதோ ஒன்றின் வழியாக யாராவது வருவது அதிசயமில்லை. அந்தக் கடையில் நின்ற ஆள் நீங்கள் என்பதால் உங்களுக்கு அது பெரிது. இந்த ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மைதான்.

வளவுத்தூண்

சார், மரியாதையோட கேக்கறேன். எல்லாத்தையும் இப்படிக் கணக்காக்கிட்டா அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு ராத்திரி கிடைச்ச நிம்மதி எங்கே போகும்?

கணக்கு வாத்தியார்

எங்கேயும் போகாது தம்பி. பக்கத்தில் தூக்கு இருக்கிறது, அதைத் தொட்டால் அப்பத்தா ஞாபகம் வருகிறது. அதில் நான் கை வைக்கவில்லை.

உளிக்காரன்

பாத்திரத்துல பேர் வெட்டறது எங்க அப்பா தொழில், பதினஞ்சு வயசுல இருந்து எனக்கும் அதுதான். இப்ப எல்லாம் கரண்டு மிஷின்ல ஒரு நிமிஷத்துல எழுதிடறோம். அப்ப சின்ன உளியும் சுத்தியலும்தான். கோடா இழுத்தா தகடு கிழியும், அதனால புள்ளி புள்ளியா அடிக்கறது. ஒரு கல்யாணச் சாமான் வந்துச்சுன்னா நாள்கணக்கா உட்காரணும். குடம், தவலை, சம்புடம், தூக்கு, கரண்டி வரைக்கும் பேர் வெட்டுவோம். கல்யாண வீட்டுல சாமானைப் பரப்பறப்ப கலந்துடும்னு கரண்டியைக்கூட விட மாட்டாங்க.

அந்த 'னை' பத்திச் சொன்னீங்களே. 1978-ல தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை நாலுக்கும் அந்தத் துதிக்கைக் கொம்புதான். எங்க அப்பா அதுக்கப்புறமும் ரொம்ப நாள் பழைய எழுத்துலதான் அடிச்சாரு, கைப்பழக்கம். அதனால அந்த எழுத்தை வச்சுத் தூக்கு பழசுன்னு சொல்லலாம், வருஷம் சொல்ல முடியாது.

எழுத்தை நல்ல போட்டோ எடுத்துப் போடுங்கம்மா. பேர் தெரியாம அந்த ஒரு எழுத்து மட்டும் போதும். அடிச்ச கை எந்த ஊர்க் கைன்னு சில நேரம் தெரியும்.

கடல்தாண்டி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்த முதல் வருஷம் தைப்பூசத்தன்று டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். கீழச்சிவல்பட்டியில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அண்ணன்! பத்து வருஷமாக அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. நான் கடவுள் செயல் என்றே நினைத்திருந்தேன். சார் எழுதியதைப் படித்த பிறகு யோசிக்கிறேன். அந்தக் கோவில் 1859-ல் நம்ம நகரத்தார்கள் கட்டியது. தைப்பூசத்தன்று சிங்கப்பூரில் இருக்கும் நம்ம ஊர் ஆள் வேறு எங்கே நிற்பார்? ஆர்ச்சர்ட் ரோடு கடையில் பார்த்திருந்தால்தான் அதிசயம்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு அவர்தான் எனக்கு ரூம் பார்த்துக் கொடுத்தார்.

பழைய பாட்டு நேயர்

நம் மண்ணிலிருந்தே ஒன்று சொல்கிறேன். சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்தது 1927 ஜூன் 24. எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது 1928 ஜூன் 24. சரியாக ஒரு வருஷம். ஒருவர் செட்டிநாடு, ஒருவர் பாலக்காட்டுப் பக்கம். அத்தனை பாட்டில் சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு ஒரே பிறந்த நாள் என்பதை என்னால் சும்மா விட முடியவில்லை.

கணக்கு வாத்தியார்

எனக்கும் அது பிடித்த செய்திதான். முன்கூட்டியே இவர்கள் ரெண்டு பேரை மட்டும் குறித்துவைத்துக் கேட்டால் 365-ல் ஒன்று. ஆனால் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர், இயக்குநர், நடிகர் என்று சேர்ந்து வேலை செய்த ஜோடிகள் தமிழ் சினிமாவில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் பொருந்தியவர்களை மட்டும்தான் நாம் பேசுகிறோம். பொருந்தாத ஜோடியை யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

பல்கேரியாவில் 2009 செப்டம்பரில் அரசு லாட்டரியில் 4, 15, 23, 24, 35, 42 என்ற ஆறு எண்கள் நாலு நாள் இடைவெளியில் ரெண்டு தடவை அடுத்தடுத்த குலுக்கலில் வந்தன. மோசடி என்று சந்தேகப்பட்டு விசாரணையே நடந்தது. உலகம் முழுக்க எத்தனை லாட்டரி, எத்தனை வருஷம், எத்தனை குலுக்கல் என்று சேர்த்துப் பார்த்தால், எங்காவது ஒரு நாள் அது வந்துதான் தீரும். டயகோனிஸ், மோஸ்டெல்லர் என்று ரெண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1989-ல் தற்செயல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணிக்கை போதிய அளவு பெரிதாகிவிட்டால் எப்பேர்ப்பட்ட விபரீதமும் நடக்கும் என்பதுதான் அதில் முக்கியமான விதி. நம் அளவில் சொன்னால், ஒரு நாளில் கோடிப் பேரில் ஒருவருக்கு நடக்கக்கூடிய ஒன்று, 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடிப் பேர் இருக்கும் தமிழ்நாட்டில் தினமும் ஏழு பேருக்கு நடக்கும்.

கேம்பிரிட்ஜில் ராமானுஜன் காலத்தில் ஹார்டியோடு இருந்த லிட்டில்வுட் பேரில் ஒரு கணக்கு வழங்குகிறது, டைசன் என்ற இயற்பியலாளர் பரப்பியது. நாம் விழிப்பாக இருக்கும் எட்டு மணி நேரத்தில் நொடிக்கு ஒன்று வீதம் ஏதாவது கண்ணில், காதில் படுகிறது என்று வைத்தால், 35 நாளில் பத்து லட்சம். ஆகவே பத்து லட்சத்தில் ஒன்று என்கிற அதிசயம் ஆளுக்கு ஏறத்தாழ மாதம் ஒன்று வர வேண்டும்.

ரஸ்தாவிலிருந்து

கணக்கு சரி சார். ஆனால் யுங் என்ற மனநல மருத்துவர் இதை வேறு மாதிரி பார்த்தார். அவரிடம் வந்த ஒரு பெண் தங்க வண்டு ஒன்றைக் கனவில் கண்டதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் டொக் டொக் என்று சத்தம். திறந்தால் பொன்னிறமாக மின்னும் ஒரு வண்டு. பிடித்து அவர் கையில் கொடுத்தார். அதுவரை எதற்கும் மசியாமல் இருந்த அந்தப் பெண்ணின் மனசு அங்கேதான் இளகியதாம். காரண காரியத்தால் இணையாத ரெண்டு நிகழ்ச்சி பொருளால் இணையலாம் என்று 1952-ல் எழுதினார். நல்ல காரியம் பேசும்போது பல்லி சொன்னால் நம் வீட்டில் தரையைத் தட்டுகிறோமே, அதுவும் இதுதானே? நான் இதை நம்புகிறவன். தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷனில் ஒரு ரயிலைத் தவறவிட்டதால்தான் எனக்கு இன்றைய வாழ்க்கை கிடைத்தது. அதை எண்ணால் அளக்க எனக்கு மனசு வரவில்லை.

கணக்கு வாத்தியார்

அந்த வண்டால் அந்தப் பெண் மாறினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வண்டு அதற்காகத்தான் வந்ததா என்பதில்தான் நீங்களும் நானும் வேறு படுகிறோம். இருக்கட்டும்.

பேர் வேண்டாம்

ரெண்டு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். எல்லாரும் நல்ல தற்செயலையே எழுதுகிறீர்கள். நான் மற்றதை எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆன பதினோராம் நாள் மாமனார் தவறினார். தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வளவு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பின்பக்கம் ரெண்டாம் கட்டு முற்றத்தில் காபி ஆற்றிக்கொண்டிருப்பது தெரிந்தே, "கால் வச்ச நேரம்" என்றார்கள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அதன் பிறகு ஒன்பது வருஷம் எந்த நல்ல காரியத்திலும் என்னை முன்னால் நிற்கவிடவில்லை. கொழுந்தனார் கல்யாணத்தில் மணமேடைப் பக்கமே போகவில்லை நான். என் மாமியார் ஒரு நாளும் வாய் திறந்து என்னைச் சொன்னதில்லை. யாராவது சொல்லும்போது "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்றும் சொன்னதில்லை.

காலண்டரில் தூக்குக் கிடைத்ததும் திவசமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை அதிசயம் என்று நம்பினால், என் கல்யாணமும் மாமனார் சாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையும் நம்பத்தானே வேண்டும்? வாத்தியார் சார், இதற்குக் கணக்கு இருக்கிறதா? எனக்கு அது வேண்டும்.

கணக்கு வாத்தியார்

அம்மா, உட்கார்ந்து பென்சில் பிடித்துப் போட்டேன். உத்தேசக் கணக்குதான், ஆனால் நேர்மையாகப் போட்டது.

எழுபதைத் தாண்டிய ஒருவர் ஒரு வருஷத்தில் தவறும் வாய்ப்பு 25-ல் ஒன்று என்று வைப்போம். ஒரு மாதத்துக்கு 300-ல் ஒன்று. அந்த வயசு மாமனார் இருக்கும் 300 வீட்டில் கல்யாணம் நடந்தால், ஒரு வீட்டில் கல்யாணமான மாதமே அவர் போய்விடுவார். மருமகள் யாராக இருந்தாலும் நடக்கும், கல்யாணமே நடக்காவிட்டாலும் நடக்கும். அந்த வீட்டில் மாமனார் மட்டுமா பெரியவர்? அப்பத்தா, பெரியப்பச்சி (பெரியப்பா), அயித்தை என்று ஐந்து பெரியவர்களை எண்ணினால் 60 வீட்டுக்கு ஒன்று. ஒரு சீசனில் நம் ஊர்களில் எத்தனை பந்தக்கால் நடுகிறோம்? வருஷா வருஷம் ஏதோ ஒரு பெண் தலையில் இது விழுந்துகொண்டே இருக்கிறது. நடப்பு நடந்துவிட்டுப் போகிறது, பழியை நாம் போடுகிறோம்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். உங்கள் கல்யாணத்தை ஏன் அந்த மாதத்தில் வைத்தார்கள்? நானே எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன், "ஐயாவுக்கு உடம்பு சரியில்லை, கண்ணை மூடறதுக்குள்ள பார்த்துரணும்" என்று. பெரியவருக்கு முடியவில்லை என்றுதான் கல்யாணத்தை முன்னால் தள்ளுகிறோம். பிறகு அவர் போனால் கல்யாணத்தைக் காரணம் சொல்கிறோம். எது முதல், எது பிறகு என்பதையே தலைகீழாக்கி விடுகிறோம்.

பேர் வேண்டாம்

சார், இதைப் படித்ததும் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். தை மாதம் என்று பேசியிருந்த முகூர்த்தத்தை ஆவணிக்கு மாற்றினார்கள். மாமனாருக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து பேசியவர்களுக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி

அந்தப் பிள்ளைக்குச் சொல்றேன். அது மாதிரிப் பேச்சை நானும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டிருக்கேன், வேற வீட்டுப் பிள்ளைக்கு. எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லலை. இப்ப சொல்றேன் ஆத்தா, உன் மேல ஒரு குத்தமும் இல்லை.

மனசு கனமா இருக்கு. அதனால எங்க அப்பச்சி கதையைச் சொல்றேன். அவுக பர்மாவுல, ரங்கூன் கடையில அடுத்தாளா, அதான் ஏஜெண்டுக்கு அடுத்த ஆளா இருந்தாக, பெரியப்பச்சி அங்கேயே பீகுங்கிற ஊர்ல. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான். ஆளுக்கு ஒரு பக்கமா நடந்தே கெளம்பிட்டாக. கடைப் பெட்டியடியில இருந்த பேரேட்டுக் கணக்குப் புத்தகத்தை மட்டும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு அப்பச்சி நடந்தாக. அண்ணன் உசுரோட இருக்காகளான்னு தெரியாது. எப்படியோ இந்தியாவுக்குள்ள வந்து, உசுரு பொழைச்சதுக்குக் கங்கையில முங்கிட்டு ஊருக்குப் போவோம்னு காசிக்குப் போனாக. அங்க நகரச் சத்திரத்துல இலை போட்டு உட்கார்ந்தா, எதுத்த பந்தியில பெரியப்பச்சி! தாடியும் மீசையுமா, அடையாளமே தெரியலையாம். "தம்பி, சோத்தைத் தின்னு, அப்புறம் அழுவோம்"னாகளாம்.

வாத்தியாரய்யா, இதுக்கு என்ன கணக்கு?

கணக்கு வாத்தியார்

ஆச்சி, இதற்குக் கணக்கு போட எனக்குக் கை வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தோன்றுகிறது. பர்மாவிலிருந்து தப்பி வந்த ரெண்டு நகரத்தார் வடக்கே எங்கே போயிருப்பார்கள்? தெரிந்த பாஷை, தெரிந்த சோறு, நம்ம ஆள் இருக்கும் இடம் என்றால் சத்திரம்தானே?

பள்ளத்தூர் ஆச்சி

அதுக்குத்தானேய்யா சத்திரம் கட்டுனாக.

பனங்காட்டான்

இந்த ஒரு வரிக்காக உள்ளே வந்தேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எல்லாரும் சொல்கிறோம். எங்களுக்குப் புதுவயல் பக்கம் பனை இருக்கிறது, சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவன். சித்திரையில் காக்கை உட்கார்ந்தால் ஒன்றும் விழாது. ஆவணியில் பழம் கனிந்து வாசம் அடிக்கும்போதுதான் விழும், அந்த வாசத்துக்குத்தான் காக்கையும் வரும். விழுவதற்கும் வருவதற்கும் ஒரே காரணம், கனிந்தது. எந்த நொடியில் என்பது வேண்டுமானால் தற்செயல். சத்திரமும் டேங்க் ரோடும் முனீஸ்வரன் கோவில் தெருவும் அந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

சிட்டை

நான் ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிறேன். யாரையாவது நினைத்தவுடன் அவர் போன் பண்ணினால் "நூறு ஆயுசு" என்கிறோமே, அதை ஒரு மாதம் சோதித்தேன். டைரியில் இடது பக்கம், நினைத்தேன், போன் வரவில்லை. வலது பக்கம், நினைத்தேன், வந்தது. மாதக் கடைசியில் இடது பக்கம் கோடு போட இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. வலது பக்கம் ரெண்டே கோடு. அந்த ரெண்டும் எனக்கு இன்றைக்கும் நாள், நேரத்தோடு ஞாபகம் இருக்கிறது. இடது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. வரவை மட்டும் எழுதிப் பற்று எழுதாத பேரேட்டில் ஐந்தொகை எப்படி நேராகும்? எங்கள் ஐயா பார்த்திருந்தால் பேரேட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

நெற்குப்பை மகள்

கண்டனூர்ப் பேத்திக்கு. இதை எழுதலாமா என்று மூணு நாள் யோசித்தேன். உளிக்கார அண்ணன் கேட்டு நீங்கள் போட்ட அந்த 'னை' போட்டோவை எங்க ஆத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அடியில ஈயப்பத்து இருக்கான்னு கேளு" என்றார். ஓட்டையை ஈயத்தால் அடைத்த ஒட்டைத்தான் பத்து என்கிறார். அரை ரூபாய்க் காசு அளவு, நடுவில் இல்லாமல் ஓரமாக. எங்க ஆயா பேரும் 'னை'யில்தான் முடியும். இனிஷியலைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

கண்டனூர்ப் பேத்தி

பத்து இருக்கிறது. ஓரமாக. நான் அதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை, போட்டோவிலும் தெரியாது. தனிச்செய்தி பார்த்தேன். நாலு எழுத்தும் அதேதான்.

அயித்தையிடம் தூக்கைக் காட்டாமலே, "அப்பத்தா தூக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். "பிடி மாட்டற காது ஒண்ணு உடைஞ்சு போச்சுன்னு செம்புல மாத்தி வச்சாக, ஒண்ணு மஞ்சளும் ஒண்ணு சிவப்புமா இருக்கும்" என்றார். என் கையில் இருப்பதற்கு ரெண்டு காதும் பித்தளை.

அன்றைக்கு முழுக்க என்னால் வேலை பார்க்க முடியவில்லை. அப்பத்தா இன்னொரு தடவை போனது மாதிரி இருந்தது.

வளவுத்தூண்

அம்மா, தேடி வந்தாங்கன்னு நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க.

உளிக்காரன்

ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேர், ஒரே இனிஷியல் வர்றது எங்க பட்டறையில பார்த்ததுதான். அதுக்காகவே சில வீட்டுல ஊர்ப் பேரையும் சேர்த்து அடிக்கச் சொல்வாங்க. கூலி கூடும்னு பல பேர் சொல்ல மாட்டாங்க.

கடல்தாண்டி

வாத்தியார் சார், தூக்குக்கு உரியவர்கள் இதே இழையில் வந்து சேர்ந்தார்களே, இதுவும் தற்செயலா?

கணக்கு வாத்தியார்

ரெண்டு வீட்டுக்கு ஒரே நாலு எழுத்து வந்தது தற்செயல், அதுவும் நம் சின்னப் பானையால் சுலபமாக வந்தது. அவர்கள் இங்கே வந்தது தற்செயலில்லை. இந்த அம்மா எழுதினார், உளிக்காரத் தம்பி போட்டோ கேட்டார், நெற்குப்பை அம்மா அதைத் தன் தாயாரிடம் எடுத்துப் போய்க் காட்டினார். மூன்று பேர் சிரமம் எடுத்துக்கொண்டார்கள். பத்து இருக்கிறதா என்று கேட்டுச் சரிபார்த்தார்களே, அதற்குத்தான் என் மார்க் எல்லாம்.

நெற்குப்பை மகள்

நேற்று பிள்ளையார்பட்டியில் சந்தித்தோம். ஆத்தாவுக்கு 78 வயசு, ஒரு கண்ணில் பார்வை மங்கல். கோவில் குளத்துப் படியில் உட்கார வைத்து மடியில் தூக்கைக் கொடுத்தோம். எழுத்தைப் பார்க்கவே இல்லை. வலது கையை அடியில் கொடுத்துப் பெருவிரலை நேராகப் பத்தின் மேல் வைத்தார். "பால் வாங்கிட்டு வர்றப்ப இங்கதான் புடிப்பேன், சூடு தெரியாது" என்றார். பாகம் பிரித்த வருஷம் யாரோ எடைக்குப் போட்டதாம்.

பணம் கொடுத்தோம், அந்த அக்கா வாங்கவில்லை. ஆத்தா வற்புறுத்தி, கடைக்குக் கொடுத்த விலையை மட்டும் மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

கண்டனூர்ப் பேத்தி

பையில் பணத்தோடு ஒரு பொட்டலம் சீப்புச் சீடையும் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

இந்த இழையை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பித்தளைத் தூக்கு, ரெண்டு படி பிடிக்கும். ஒரு காது பித்தளை, ஒரு காது செம்பு. பேர் 'னை'யில் முடியும். காரைக்குடி, தேவகோட்டை, மதுரை எந்தக் கடையில் பார்த்தாலும் சொல்லுங்கள். முதலில் காதைப் பாருங்கள், பேரை அப்புறம் பார்க்கலாம்.